கிளர்ச்சிக்காரரை விவசாயியாக்கினேன்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், புக்கெகோஹி என்ற ஊரில், காய்கறி பொதிசெய்யும் இடத்தில் எனக்கு அலுவலக வேலை. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஆப்கான் நண்பர், ஹசாரா என்ற சிறுபான்மை இனத்தவர், பாபடோயிட்டோ புறநகரில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். ஒரே காரில் போய்வருவோம். காபூலில் தனித்துப்போன தங்கையை அழைக்க விசாவுக்கு விண்ணப்பித்தார். குடும்ப வரலாறும் வேண்டும் என்றார் வழக்கறிஞர். எழுதித்தர நான் முன்வந்தேன். பத்திரிகைகள் திருப்பியனுப்பிய என் எழுத்தைக் குடிவரவு அதிகாரிகள் ஒருமுறைகூடத் திருப்பியனுப்பியதில்லை.

காரில் அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். தாத்தா காலத்தில் அரசாங்கம் ஹசாராக்களிடம் ஒவ்வோர் ஆட்டுக்கும் நெய்வரி கேட்டதாம். கடாவுக்கும் கேட்டதாம். கடா எப்படி நெய் தரும் என்று கேட்ட தாத்தாவைக் கட்டிவைத்து அடித்தார்கள். முந்தைய தலைமுறையில் எழும்பிய தலைவர்களைக் கொன்று, நிலங்களைப் பறித்து, பிள்ளைகளை அடிமைகளாக விற்றிருந்தார்கள். அது தெரிந்தும் தாத்தா மலையேறி, ஊர்களைத் திரட்டி, அரசாங்கக் காவலரணைப் பிடித்தார். வரி நீங்கியது. பிறகு மன்னிப்பு என்று கூப்பிட்டுச் சிறையில் போட்டார்கள்.

நான் எழுதியது: ‘தாத்தா விவசாயி. சிறையில் காலமானார்.’ ஓர் அரசாங்கத்தை எதிர்த்தவனை இன்னோர் அரசாங்கம் விரும்பாது என்பது என் ஞானம்.

நண்பர் இரண்டுமுறை வாசித்தார்.

“என் தங்கையைத் தேடுகிறவர்கள் அந்தக் கிளர்ச்சிக்காரர் வீட்டுப் பெண் என்றுதான் தேடுகிறார்கள். இதை வாசிப்பவருக்கு, அவள் ஏன் ஒளிந்திருக்கிறாள் என்று எப்படித் தெரியும்?”

வீட்டில் என் மனைவி அந்தத் தாளைப் பார்த்தாள்.

“கொண்ணருக்குச் செய்ததையே அந்த மனுசன்ர தாத்தாவுக்கும் செய்துபோட்டியள்” என்றாள்.

உண்மைதான். ஊரில் அரசாங்கத்தை எதிர்த்துப் போராடிய இயக்கத்துக்குப் போய்த் திரும்பாத அண்ணன் ஒருவர் எனக்கு இருந்தார். இங்கே வர விண்ணப்பித்தபோது, சகோதரர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் பூச்சியம் என்று எழுதினேன். அழகான, வட்டமான பூச்சியம்.

கடா, மலை, காவலரண் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எழுதினேன். நண்பர் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்திட்டு அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. தங்கை இன்னும் வீடு மாறிக்கொண்டிருக்கிறாள்.

அனுப்பிய அன்று மாலை, காரில், உங்கள் குடும்பத்தில் இப்படி யாராவது உண்டா என்று கேட்டார்.

“ஓம்” என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. மோட்டர்வேயில் வாகனங்கள் நகராமல் நின்றன. அண்ணனின் வயதிலிருந்து தொடங்கினேன்.