மாதாவிடம் இரவல் வாங்கிய பியூஸ்

சொன்னால் பெருமையடிக்கிறாள் என்பார்கள். அடிக்கத்தான் போகிறேன். சுவிசில், எம்மன்புரூக்கேயில் எங்கள் வீட்டு அம்பிளிபயரைத் திருத்தியது நான்தான், என் கணவர் இல்லை.

அது அத்தானுடையது, லண்டனில் இருக்கும் என் அக்காவின் கணவருடையது. எங்கள் கலியாணத்துக்கு அதையும் இரண்டு ஸ்பீக்கரையும் வான் வண்டியில் ஏற்றி, அவரே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். லண்டன் சொந்தக்காரர் அப்படித்தான். சுவிசில் கடையே இல்லை என்பதுபோல் சாமான் கட்டிக்கொண்டு வருவார்கள். போன வருடம் அத்தான் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா முதன்முறையாக எங்களிடம் வருவதாக இருந்தது. போனில் அவள் கேட்ட முதல் கேள்வியே, "அத்தான்ரை பெட்டி இப்பவும் பாடுதோ?" என்பதுதான்.

"ஓம் அக்கா, கணீரெண்டு பாடுது. வாங்கோ, இருந்து கேப்பம்" என்றேன்.

சனிக்கிழமை அக்கா வரவேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் பாட்டு நடுவில் நின்றது, பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்துபோனது.

என் கணவர் வாசலில் இருக்கும் மின்பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரி. அம்பிளிபயரின் பின்பக்கத்தில் இருக்கும் கண்ணாடி பியூசைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதிலும் கம்பி அறவில்லை. இந்த நாட்டில் வளர்ந்த அவருக்கு பியூஸ் தேட வேறு இடம் தெரியாது.

"இஞ்சேரும், இது செத்துப்போச்சு. திங்கக்கிழமை பழைய சாமான் எடுக்கிற இடத்திலை குடுப்பம். அக்காவுக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வைச்சால் போச்சு."

எனக்கு வந்ததே கோபம்! "அத்தான்ரை பெட்டியைக் குப்பையிலை போட்டிட்டு அக்கான்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? அந்த மனிசி அதைக் கேக்கத்தானே வருது!"

"ஏன் என்னோடை பாயுறீர்? நானோ அதைக் கொண்டனான்?"

பதில் சொல்லத் திரும்பியபோதுதான் சுவரில் இருந்த பிளக் கண்ணில் பட்டது. சுவிஸ் பிளக் மெலிந்தது, உள்ளே வயரைத் தவிர ஒன்றும் கிடையாது. லண்டன் பிளக் குண்டு. அந்த வயிற்றுக்குள் ஒரு பியூஸ் இருக்கும். லண்டனில் அக்கா வீட்டில் நின்ற காலத்தில், நின்றுபோன கெட்டிலின் பிளக்கைத் திறந்து அத்தான் பியூஸ் மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். இங்கே வருடக்கணக்காக அடாப்டரில் குத்தியபடியே இருந்ததில் எல்லாம் மறந்துபோய்விட்டது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதைதான்.

வீட்டில் இன்னொரு லண்டன் பிளக்கும் இருந்தது. மாதா சொரூபத்தைச் சுற்றியிருக்கும் மின்குமிழ் மாலையுடையது. அதுவும் அக்கா கொண்டுவந்ததுதான். அதை எடுத்து அம்பிளிபயரின் அடாப்டரில் குத்தினேன். மாலை பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் அடாப்டரில் பிழையில்லை.

மாலையையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அம்பிளிபயரின் பிளக்கைத் திறந்தேன். உள்ளே அத்தானின் கைவேலை அப்படியே இருந்தது. மூன்று வயரையும் அளவாக வெட்டி, ஒரு செப்புத் தும்பு வெளியே தெரியாமல் முறுக்கி இறுக்கியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த பியூஸ் வெள்ளைப் பீங்கான் குழல். உள்ளே கம்பி அறுந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அதைக் கொண்டுபோய் மாலையின் பிளக்கில் போட்டுப் பார்த்தேன். மாதா இருட்டில் நின்றார்.

"பிடிச்சிட்டன்!" என்று கத்தினேன்.

"அப்ப சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை அதிலை சுத்திப் போடும். ஊரிலை எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவையாம்" என்றார் கணவர்.

"வீட்டை எரிக்கப் போறியளோ? பேசாமல் இருங்கோ!"

லண்டன் பியூஸ் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? சனிக்கிழமைக்குள் தேடி முடியாது. மாதாவின் பியூசை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவு, மூன்று அம்பியர். "கோவியாதேங்கோ மாதாவே" என்று சொல்லிவிட்டு அதை அம்பிளிபயரின் பிளக்கில் பூட்டி, திருகாணியை இறுக்கி, சுவரில் குத்தி, சுவிட்சைத் தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. விட்ட இடத்திலிருந்து பாட்டு வந்தது. நான் வரவேற்பறையில் ஆடினேன் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். ஆடினேன்தான், இப்ப என்ன?

உள்ளே வேறு கோளாறு இருந்தால் புது பியூசும் போகும். அதனால் வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததிலிருந்து படுக்கப்போகும் வரை பெட்டியைப் பாடவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. "நீர் பொல்லாத ஆள்தான்" என்றார் கணவர். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிய காரியம்.

சனிக்கிழமை அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்பிளிபயருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். அத்தானுக்குப் பிடித்த பழைய பாட்டைப் போட்டேன். அவள் பெட்டியின் மேல் கையை வைத்தபடி முழுப் பாட்டையும் கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"என்னடி, மாதாவுக்கு லைற் இல்லை?"

"மாதா தன்ரை பியூசை அத்தானுக்குக் குடுத்திட்டா, அக்கா."

நடந்ததெல்லாம் சொன்னேன். வெள்ளித்தாள் கதையில் அவள் சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்தவே முடியவில்லை. பிறகு போனை எடுத்து லண்டனில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு, அதை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்தாள்.

"கேக்குதோ பிள்ளை? அப்பான்ரை பெட்டி. அது நிண்டுபோச்சுதாம், இப்ப பாடுது." மறுமுனையில் மகள் ஏதோ கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"திருத்திறவர் ஒருத்தரும் வரேல்லை. என்ரை தங்கச்சிதான் திருத்தினவள்."