மேல் ஓட்டையில் ஒரு பேனை

கொழும்பு வெள்ளவத்தையில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்ததும் நான் செய்த முதல் வேலை, மகளின் கைக்கு எட்டுகிற பிளக்குகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி போட்டதுதான். வருகிறவர்களிடம் அதைக் காட்டிப் பெருமையும் அடித்துக்கொள்வேன். "பிள்ளை இருக்கிற வீடு, நாங்கள்தானே கவனமா இருக்க வேணும்" என்பேன். என்ன வாய் எனக்கு!

பாரிஸிலிருந்து தம்பி அனுப்பிய ஃபோனின் சார்ஜருக்கு இரண்டு உருண்டைக் கால்கள். எங்கள் பிளக்கிலோ மூன்று ஓட்டைகள். மேல் ஓட்டையில் எதையாவது செருகினால்தான் கீழ் இரண்டும் திறக்கும். அதற்கென்று அடாப்டர் காலி வீதிக் கடைகள் முழுக்க விற்கிறார்கள். வாங்கினேனா? இல்லை. இங்கே வீட்டுக்கு வீடு செய்வதைத்தான் நானும் செய்தேன். கட்டிலடிப் பிளக்கின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பேனையை மேல் ஓட்டையில் குத்திப் பிடித்துக்கொண்டு சார்ஜரை அழுத்துவேன். மகள் கிட்ட வந்தால், "தள்ளி நில் குஞ்சு, கரண்ட் அடிக்கும்" என்று சொல்லத் தவறியதில்லை. சொல்லிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

கழிந்த ஞாயிறு மத்தியானம் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கணவர் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். படக்கென்று டிவியும் ஃபேனும் நின்றன.

"கரண்ட் போட்டுது" என்றார்.

எதிர் ஃபிளாட்டிலும் போய்விட்டதா என்று பார்க்க, வழக்கம்போல பல்கனிக்குப் போனேன். அங்கே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "எங்களுக்கு மட்டும்தான்" என்று திரும்பிவந்து சொன்ன பிறகுதான் அறைக்குள்ளிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிள்ளையிடம் ஓடாமல் பல்கனிக்குப் போன இந்தக் கால்களை நான் என்ன செய்ய?

மகள் கட்டிலடியில் குந்தியிருந்தாள். மேல் ஓட்டையில் என் பேனை குத்தி நின்றது. தரையில் என் கொண்டை ஊசி. அழவும் வராமல் வாய் திறந்தபடி தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுனி வெளுத்துப் போயிருந்தது. அள்ளித் தூக்கிய பிறகுதான் வீரிட்டாள்.

விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, பயமில்லை என்றார் டாக்டர். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வீட்டு மின்சாரத்தையே நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் உடனே விழுந்ததால் தப்பினாள். மழை நாட்களில் அது சும்மா சும்மா விழுகிறது, கழற்றிவிடுங்கோ என்று கணவரை மாதக்கணக்காக நச்சரித்தவள் நான்தான். நாளைக்கு, நாளைக்கு என்று அவர் கடத்திக்கொண்டே வந்தார். அந்தச் சோம்பலுக்காக அவரை எவ்வளவு பேசியிருப்பேன்!

வீட்டுக்கு வந்தாவது வாய் அடங்கியதா? அவர்மேல் பாய்ந்தேன்.

"அறைக்குப் பக்கத்திலதானே இருந்தனீங்கள்! ஒருக்கா எட்டிப் பார்த்தால் குறைஞ்சா போயிடும்?"

"நீர் சத்தம் போடாதையும். பிள்ளை பயப்பிடுது" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேனை யாருடையது என்று அவருக்குத் தெரியும். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்குத் திருப்பிச் சண்டை பிடிக்கவாவது முடிந்திருக்கும்.

பின்னேரம் அறையைக் கூட்டப் போனேன். மகளின் துணிப்பொம்மை கதவோரமாய்ச் சுவரில் சாய்ந்தபடி இருந்தது. நித்திரையிலும் அதைக் கையைவிட்டு இறக்காதவள் அவள்.

"பேபியை ஏனம்மா இவ்வளவு தூரத்தில விட்டனி?" என்று கேட்டேன்.

கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக்கொண்டு, நல்ல பிள்ளை என்று நான் சொல்லப்போவதை எதிர்பார்க்கிற முகத்தோடு சொன்னாள்.

"நான்தான் சொன்னனான் அம்மா. தள்ளி நில் குஞ்சு, கரண்ட் அடிக்கும் எண்டு."