குடும்பத்தில் யாருக்காவது உண்டா?

அந்த ரயில் நிலையத்தில் வண்டி அறிவிப்புச் சொல்லும் மைக் அக்காவின் குரலுக்குக் கட்டுப்படாத ஆள் கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் கத்தினாலும் திரும்பிப் பார்க்காத கூட்டம், ஒலிபெருக்கியில் அவள் தொண்டையைச் செருமினாலே காது கொடுக்கும். வண்டி தாமதம் என்பதைக்கூட ஏதோ நல்ல சேதி போலச் சொல்லுவாள். சண்டை போட வந்தவனும் சரிதான் போ என்று திரும்பிப் போவான்.

ஐம்பதைத் தொட்டதும் எல்லாம் தலைகீழானது. மாதவிலக்கு நின்றது. நின்றது போகட்டும், சும்மாவா நின்றது? கண்ணாடி அடைத்த அந்தச் சின்ன அறையில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவளுக்குக் குப்பென்று அனல் ஏறும், முதுகெல்லாம் தொப்பலாகும். தூக்கம் போயிற்று. நாக்கு நுனியில் இருந்த சொல்லும் போயிற்று. "அடுத்து வரும் வண்டி..." என்று தொடங்கிவிட்டு, ஊர்ப்பெயர் வராமல் திருதிருவென்று விழிப்பாள்.

வீட்டுக்காரர் பதறிப்போய் டாக்டரிடம் கூட்டிப்போனார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். டாக்டரும் ஒழுங்காகத்தான் தொடங்கினார்.

"இதுக்கு ஹார்மோன் சிகிச்சை இருக்கு. மாத்திரையாவும் எடுக்கலாம், பட்டையா தோல்ல ஒட்டிக்கவும் செய்யலாம். குடும்பத்துல யாருக்காவது மார்புப் புற்றுநோய் உண்டா?"

"எங்கக்கா போனதே அதுலதான் டாக்டர்," என்றார் வீட்டுக்காரர்.

"அப்போ வேண்டாம். வயசானா வர்றதுதானே, பொறுத்துக்கணும்."

யாருடைய அக்கா என்று அந்த ஆள் கேட்கவே இல்லை. கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

மைக் அக்காவும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? அந்த நாத்தனாரைக் கடைசி வரை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து குடும்பம் என்றால் அவளுக்கு அதுதான் குடும்பம். டாக்டர் கேட்டதும் அவள் மனசிலும் நாத்தனாரின் முகம்தான் வந்து நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு சில மாதம் ஓட்டினாள். ஒருநாள் காலை, மூன்றாவது நடைமேடைக்கு வந்த வண்டியை முதலாவது என்று அறிவித்துவிட்டாள். கூட்டம் மூட்டை முடிச்சோடு மேம்பாலத்தில் முட்டி மோதியது. கைக்குழந்தையோடு ஒருத்தி படியில் விழுந்தாள். நல்ல வேளை, சிராய்ப்போடு போயிற்று. வேலையை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"என் வாய் மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சுங்க," என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

அறுபது தாண்டியும் அந்த அனல் முழுசாக விடவில்லை. இந்த முறை போனது வேறொரு டாக்டரம்மாவிடம். வீட்டுக்காரரும் கூடவே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, சித்தி, கூடப் பிறந்தவங்க, யாருக்காவது மார்புல புற்றுநோய் வந்திருக்கா?"

"அவங்களுக்கு இல்லம்மா. எங்க நாத்தனாருக்குத்தான். அதனால முன்ன பார்த்த டாக்டர் ஹார்மோன் சிகிச்சை வேண்டாம்னுட்டார்."

"நாத்தனாரா? சொந்தத்துலயா கட்டினீங்க?"

"இல்ல, அசல்தான்."

"அப்புறம் அவங்க நோய்க்கும் உங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்? அப்படியே ரத்த சொந்தமா இருந்தாலும், நல்லது கெட்டது எடுத்துச் சொல்லி உங்களையில்ல கேட்டிருக்கணும்! எடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டமாச்சே."

"இப்போ குடுங்களேன்."

டாக்டரம்மா தயங்கினார். "மாதவிலக்கு நின்னு இவ்வளவு வருஷம் கழிச்சுப் புதுசா தொடங்கினா ரத்தம் உறையற ஆபத்து கூடுதல். உங்களுக்கு பிரஷர் வேற இருக்கு. நான் தர மாட்டேன்மா. அனலுக்கு வேற மருந்து இருக்கு, பார்க்கலாம்."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் தாழ்வாரத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அக்காவ மாதிரி உன்னையும் பறிகொடுத்துடுவேனோன்னு பயந்துட்டேன். நீயாவது அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? அவங்க என் குடும்பம் இல்லன்னா?" அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்பவும் என்னால அதச் சொல்ல முடியலயேங்க."