சாமிச் சுவரும் இடது இடுப்பும்

கமலநாதன் முப்பது விநாடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். இடது கால். எதையும் பிடிக்கக் கூடாது, இடுப்பும் இறங்கக் கூடாது. ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு பரீட்சையா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போர்ட் கிள்ளானிலிருந்து கன்டெய்னர் இழுக்கும் நாற்பதடி லோரியில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவர் அவர். அந்த லோரியில் ஏற மூன்று படி. மூன்றாம் படியில் இடது காலை ஊன்றி நின்றால்தான் வலது காலை உள்ளே தூக்கிப் போட முடியும்.

ஐந்து மாதத்துக்கு முன்பு, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில், மழையில் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். இடது தொடை எலும்பு மேல்முனையில் முறிந்தது. முறிந்த சத்தம் அவர் காதிலேயே விழுந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது என்று படம் பார்த்த டாக்டர் சொன்னார். எலும்பு சேர்ந்ததே தவிர நடை சேரவில்லை. இடது காலை ஊன்றும்போதெல்லாம் வலது இடுப்பு தொபுக்கென்று இறங்கியது.

கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். நல்லவர்கள் கெட்ட செய்தியையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். பதினெட்டாம் தேதி கம்பெனி டாக்டர் பார்ப்பார், அவர் கையெழுத்துப் போட்டால் லோரி உங்களுடையது, இல்லாவிட்டால் ஜீவனுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவோம் என்றார். ஜீவன் தற்காலிகமாக அந்த லோரியை ஓட்டிக்கொண்டிருந்த இளம் டிரைவர். அவன் ஒருநாள் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணே, சீட்ட எந்த ஹைட்ல வெப்பீங்க? எனக்கு முதுகு வலிக்குது லா."

கமலநாதன் பதில் போடவில்லை. அந்த நாற்காலியின் உயரத்தைச் சொல்லிவிட்டால் நாற்காலியையே கொடுத்தது போல் ஆகிவிடும் என்று நினைத்தார். பயம் வந்துவிட்டால் மனிதனுக்குப் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் ஆரிஃபா. கிள்ளான் கடைவீதியில் ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய பிசியோ நிலையம். இடுப்பு உடைந்தவர்களைப் பதினெட்டுப் படி ஏறவைக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் அவள் கைதேர்ந்தவள். வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். முதுகு சுவரை ஒட்டி இருக்க வேண்டும், இடது குதிகாலும் சுவரைத் தொட வேண்டும். குதிகால் சுவரைவிட்டு அகலாமல், காலை மெல்ல மேலே தேய்த்துக்கொண்டு போக வேண்டும்.

"ஒரு சாண் போதும் அங்கிள். ஒரு தடவைக்கு இருவது. சுவர மட்டும் விட்டுறாதீங்க."

கமலநாதன் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அங்கேதான் சிக்கல். அவருடைய பிளாட்டில் ஹாலுக்கு நான்கு சுவர் என்பது பெயருக்குத்தான். ஒன்றில் கதவும் ஜன்னலும். ஒன்றில் டிவி அலமாரி. ஒன்றை மனைவி மலர்விழியின் தையல் மிஷினும் ரவிக்கைத் துணி மூட்டைகளும் பிடித்துக்கொண்டன. படுக்கையறையில் கட்டிலும் பீரோவும் போகப் பாய் விரிக்க இடமில்லை. வெறுமையாக இருந்தது ஹாலில் ஒரே ஒரு சுவர். அதில் சாமிப் பலகை. முருகன், அம்மன், கீழே விளக்கு. அந்தச் சுவரில் குதிகாலைத் தேய்ப்பதா? அந்தப் பக்கம் கால் நீட்டிக்கூட அவர் படுத்ததில்லை.

ஆரிஃபாவிடம் சொல்லியிருக்கலாம். முஸ்லிம் பிள்ளையிடம் போய் எங்கள் சாமி, எங்கள் சுவர் என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டார். ஹாலின் நடுவில் பாயை விரித்து, சாமிப் பக்கம் தலை வைத்துப் படுத்தார். முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லை. அதனாலென்ன, காலைத்தானே தூக்க வேண்டும்?

தூக்கினார். இருபது சொன்ன இடத்தில் நூறு தூக்கினார். காலை நூறு, மாலை நூறு. முதல் வாரம் ஒரு சாண் போன கால் மூன்றாம் வாரம் இரண்டு முழம் போனது. மலர்விழியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கூரைய ஒதைச்சிராதீங்க," என்றாள் அவள், மிஷினிலிருந்து தலை தூக்காமல்.

ஆனால் நடை மாறவில்லை. பாசாருக்குக் காய் வாங்கப் போய் வந்தால் இடுப்பு முன்பு போலவே இறங்கியது. போதாததற்கு, முன் பாக்கெட் வாய் இருக்கும் இடத்தில் புதிதாக ஒரு வலி. ஆரிஃபா மறுபடி வரச் சொன்ன இரண்டு தேதிகளுக்கும் அவர் போகவில்லை. போனால் அவள் நிற்கச் சொல்வாள், நின்றால் தெரிந்துவிடும். போனில், "பண்றேன்மா, நூறு பண்றேன்," என்று சமாளித்தார். பண்ணுவது பலிக்கவில்லையே என்ற பயத்தில் நூறை நூற்றைம்பது ஆக்கினார்.

பதினெட்டாம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மலர்விழி அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆரிஃபாவின் மாடிக்கு அழைத்துப் போனாள்.

"வீட்டுல பண்ற மாதிரியே பண்ணிக் காட்டுங்க அங்கிள்," என்றாள் ஆரிஃபா.

கட்டிலின் நடுவில் படுத்து, கம்பீரமாகக் காலைத் தூக்கினார். இரண்டு முழம். அவள் பாராட்டவில்லை.

"உங்க கைய முன் பாக்கெட்டுக்கிட்ட வையுங்க. எப்படி இருக்கு?"

"கெட்டியா இருக்கு."

"இப்ப பின் பாக்கெட்டுக்கு மேல, சைடுல வையுங்க."

வைத்தார். ஊறவைத்த ரொட்டி போல் மெத்தென்று இருந்தது. காலை இன்னும் மேலே தூக்கிப் பார்த்தார். அப்போதும் மெத்தென்றுதான்.

"உங்க உடம்பு பின்னால சாயுது. கால் முன்னால வருது, விரல் மேல பாக்குது. அதனாலதான் அவ்வளவு ஒசரம் போகுது. வேலை செய்யறது முன்பக்கத்துச் சதை. ஒத்தக் கால்ல நிக்கும்போது இடுப்பப் பிடிக்க வேண்டியது சைடுல இருக்கறது. அது இத்தன நாளும் சும்மா இருந்திருக்கு. சுவரு எங்க அங்கிள்?"

மலர்விழிதான் சொன்னாள், சாமிப் பலகையைப் பற்றி. ஆரிஃபா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுலயும் கிப்லா பக்கம், தொழுவற திசையில, கால் நீட்டிப் படுக்க மாட்டோம். அன்னிக்கே சொல்லியிருந்தா வேற இடம் பாத்திருக்கலாமே."

சுவரோரமாக அவரைத் திரும்பப் படுக்க வைத்தாள். குதிகால் சுவரில், கால் விரல் நேராக முன்னே. கால் அரைச் சாண்கூடப் போகவில்லை. எட்டாவது தடவையில் நடுங்கியது. இரண்டு மாத உழைப்பு எட்டுத் தடவையில் காலி. அவருக்கு அழுகை வந்தது. கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒம்போது நாள்ல சரியாகுமா?"

"ஆகாது அங்கிள். ஆறு வாரமாவது வேணும்." எழுந்து இடது காலில் நிற்கச் சொன்னாள். அவர் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நிக்கும்போது உடம்ப இடது பக்கம் சாய்க்காதீங்க. சாஞ்சா அந்தச் சதைக்கு வேலையே இல்ல. இடுப்பு இறங்காது, பாக்கறவங்களுக்கு நல்லா நிக்கற மாதிரி தெரியும். ஆனா பலம் இல்ல."

அவள் எச்சரிக்கையாகச் சொன்னாள். கமலநாதன் அதை உபாயமாகக் கேட்டுக்கொண்டார்.

மலர்விழி அடுப்படியில் காஸ் தோங்கை, அந்தச் சிலிண்டரை, நகர்த்தி, பாய் போடும் அளவுக்குச் சுவர் பிடித்துக் கொடுத்தாள். அங்கே ஒன்பது நாளும் ஒழுங்காக எட்டு, பத்து, பன்னிரண்டு என்று தூக்கினார். பிறகு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்ந்து நிற்கவும் பழகினார். இதில் வேகமாகத் தேறினார்.

பதினெட்டாம் தேதி. கம்பெனி டாக்டர் பரிசோதனைப் பாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இடது காலில் நில்லுங்க," என்றார். நின்றார். தோளை இரண்டு விரற்கடை இடப்பக்கம் கொண்டுபோனார். இடுப்பு இறங்கவில்லை. பத்து. இருபது. முப்பது.

"ஓகே. நல்லா இருக்கு," என்று டாக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் அது கொட்டும் சத்தம் கேட்டது. கமலநாதனுக்கு அதற்குள் இன்னொரு சத்தமும் கேட்டது, அவருடைய எலும்பு முறிந்த சத்தம். மூன்றாம் படியில் வலது காலைத் தூக்கும்போது சாய்ந்து நிற்க இடம் கிடையாது. பக்கத்தில் கதவு இருக்கும். அதை விட்டால் தரைதான்.

"டாக்டர், நான் சாஞ்சிட்டேன்," என்றார்.

"என்ன?"

"சாஞ்சி நின்னேன். இன்னொரு தடவ பாருங்க."

இந்த முறை நிமிர்ந்து நின்றார். ஏழு விநாடியில் வலது இடுப்பு இறங்கியது. பதினொன்றில் மேசையைப் பிடித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார், பிறகு எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை. மேனேஜர் போனில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அதுவரைக்கும் ஜீவன் ஓட்டட்டும். அப்புறம் பாக்கலாம் அண்ணே," என்றார். பார்க்கலாம் என்பது வாக்குறுதி இல்லை என்று கமலநாதனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து நேராக அடுப்படிச் சுவரோரம் படுத்தார். மலர்விழி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அருகில் உட்கார்ந்து, அவர் இடுப்பின் பக்கவாட்டில் கை வைத்தாள். அவர் குதிகாலைச் சுவரில் தேய்த்து மெல்ல ஏற்றினார்.

"ஏங்க," என்றாள். "இங்க லேசா இறுகுது."

அவரும் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம்தான். ஆனால் இறுகியது.

இருபது முடித்துவிட்டுப் போனை எடுத்தார். ஜீவனின் பழைய கேள்வி இன்னும் பதிலில்லாமல் கிடந்தது. மூக்குக் கண்ணாடி இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார்.

"சீட்டு லீவர கீழேருந்து மூணாவது பல்லுல வை. முதுகுக்கு ஒரு சின்ன தலகாணி வெச்சிக்க. ஆறு வாரம் கழிச்சி தலகாணிய எடுத்துட்டுப் போயிரு."