சலாலா மழையில் தாமரை ஓட்டிய கார்

தாமரைக்குக் கார் ஓட்டத் தெரியும், அவள் கணவர் சேதுமாதவனுக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் ஷார்ஜாவின் தமிழ்க் குடும்பங்களுக்கு இது விருந்துகளில் சொல்லிச் சிரிக்கிற விஷயம். சேதுமாதவன் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். டிரைவிங் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று, "கலாஸ், முடிஞ்சுபோச்சு, இனிமே கம்பெனி பஸ்ஸே போதும்" என்று கைகழுவிவிட்டார். கோயம்புத்தூரில் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இங்கே சமையலறை ஜன்னலை வெறித்துக்கொண்டிருந்த தாமரை, அவர் விட்ட இடத்தில் தொடங்கி, லைசென்ஸ் வாங்கினாள்.

அப்புறம் அவள் வீட்டில் தங்கவில்லை. பிள்ளைகள் வருணையும் மஹதியையும் பள்ளியில் இறக்கிவிட்டு, கடற்கரையோரக் கார்னிஷைச் சுற்றி, அஜ்மான்வரை போய், எந்த வேலையும் இல்லாமல் திரும்புவாள். பக்கத்து சீட்டில் எதிர் ஃபிளாட் உம்மு ஹானி இருப்பாள். காயல்பட்டினத்துப் பெண், தாமரையைவிடச் சிறியவள். இருவரும் வழியெல்லாம் பேசுவார்கள். பிறகு உம்மு ஹானியின் கணவர் லுக்மானுக்கு ஓமானில், சலாலாவில் ஒரு துணிக்கடை அமைந்தது. அந்தக் குடும்பம் போய்விட்டது. தாமரை அதே சாலைகளில் தனியாகச் சுற்றினாள். வீட்டில் இருந்தால் அடுப்படி டப்பாக்களை இடம் மாற்றி மாற்றி அடுக்கினாள். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

ஒருநாள் உம்மு ஹானி போன் செய்தாள்.

"அக்கா, இங்க மழ தூறிக்கிட்டே இருக்கு. மலையெல்லாம் பச்சப் பசேல்னு கிடக்கு. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாங்களேன்."

வளைகுடா முழுக்க வெயிலில் வேகும் ஆகஸ்டில், சலாலா மலைகளில் மட்டும் மழைக்காலம். சேதுமாதவன் விமானத்தில் போகலாம் என்றார். தாமரை கேட்கவில்லை.

"நான் ஓட்டறனுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து தூங்குங்க."

அல் ஐன் வழியாக ஓமானுக்குள் நுழைந்தார்கள். நிஸ்வாவைத் தாண்டியபின் கல்லும் மணலும்தான். ஹைமாவில் ஒரு ரெஸ்ட் ஹவுஸில் படுத்தார்கள். விடிந்ததும் முதலில் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தவள் தாமரைதான். பிள்ளைகள் பின்சீட்டில் சண்டையிட்டார்கள். சேதுமாதவன் பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். மெதுவாகப் போ என்று அவர் சொன்னபோதெல்லாம் தலையாட்டினாள், வேகத்தைக் குறைக்கவில்லை.

தும்ரைத்தைக் கடந்து சாலை மலையேறியது. அதுவரை கண்ணைக் கூசவைத்த வானம் சட்டென்று மங்கியது. முதலில் தூறல், பிறகு மூடுபனி. கொஞ்ச நேரத்தில் காரின் முன்பக்கமே தெரியவில்லை. எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்தபடி உரசுவதுபோலக் கடந்தது. தாமரை காரை ஓரங்கட்டினாள். இத்தனை வருடத்தில் அவள் சாலைக்குப் பயந்தது அன்றைக்குத்தான்.

"ஒண்ணுமே தெரியலீங்க. இந்தப் பக்கம் பள்ளமா, ரோடான்னுகூடத் தெரியல."

"இங்கயே நின்னா பின்னால வர்றவன் இடிப்பான்" என்றார் சேதுமாதவன். மஹதியின் மஞ்சள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "நான் ஓரமா கோட்டு மேல நடக்கறேன். குடையப் பாத்து வா. நான் நின்னா நீயும் நில்லு."

அவர் நடந்தார். அவள் பின்னால் ஊர்ந்தாள். ஒரு திருப்பத்தில் ஒட்டகங்கள் சாலையை அடைத்து நின்றன. அவர் பயந்துகொண்டே அவற்றை விரட்டினார்.

"டாடி ஃபுல்லா நனையறார்மா" என்றான் வருண்.

"தெரியுதுப்பா. பேசாம வா."

மலையிறக்கத்தின் பாதியில் பனி விலகியது. சேதுமாதவன் ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார். அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. துண்டை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டுக் கியரை மாற்றினாள்.

உம்மு ஹானி வாசலிலேயே நின்றிருந்தாள். "வந்துட்டியளா அக்கா? எம்புட்டு நேரமாப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்று கையைப் பிடித்தாள். மீன் குழம்பும் அவர்களுக்கென்று தனியாக வைத்த சாம்பாரும் ஆறியிருந்தன. லுக்மான் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து உபசரித்தார். ஆனால் சாப்பிட்ட கையோடு தாமரைக்கு வெளியே போக வேண்டும். மறுநாள் அருவி, அதற்கடுத்த நாள் கடல், பிறகு பச்சைப் புல்வெளி. எங்கேயும் அவள் பத்து நிமிடம் உட்காரவில்லை.

ஐந்தாவது நாள் ஆண்கள் கடையில் இருந்தபோது உம்மு ஹானி கேட்டாள்.

"இந்த மலைய நான் வெள்ளிக்கிழமதான் பாக்குறேன். அவுகளுக்குக் கட லீவு அன்னைக்கு மட்டும். மத்த நாளெல்லாம் ஜன்னல்தான். எனக்குக் கார் ஓட்டக் கத்துத் தருவியளா?"

மலையடிவாரத்தில் ஆளில்லாத ஒரு வெளிக்குப் போனார்கள். பிள்ளைகள் தூறலில் பந்து விளையாட, தாமரை முதன்முறையாகத் தன் காரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"கிளட்ச மெதுவா விடு. பயப்படாத, நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

கார் துள்ளித் துள்ளி நின்றது. உம்மு ஹானி சிரித்தாள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். மறுநாளும் போனார்கள். அன்று கார் வட்டமடித்துத் திரும்பியபோது, மணிக்கணக்காகத் தான் அசையாமல் இருந்ததைத் தாமரை கவனித்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது.

அவ்வழியே வந்த ஓமானியர்கள் சிலர் காரைத் தூக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் லுக்மானின் வாடிக்கையாளர். செய்தி அவர்களுக்கு முன்பாகக் கடைக்குப் போய்விட்டது.

லுக்மான் சத்தம் போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, உங்கள நான் ஒண்ணும் சொல்லல. லைசென்ஸ் இல்லாம ஓட்டுறத போலீஸ் பாத்திருந்தா? எனக்கு ஸ்பான்சரா இருக்குற கஃபீல் ஒரே நாள்ல என் விசாவ கேன்சல் பண்ணிருவாரு. கடையும் போயிரும், ஊருக்குத்தான் போகணும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"தப்புதானுங்க" என்றாள் தாமரை. "நான் யோசிக்கல."

"நான்தான் கேட்டேன்" என்றாள் உம்மு ஹானி, கணவரைப் பார்த்து. "கேட்டா நீங்க விடமாட்டிய. அதான் சொல்லல."

சேதுமாதவன்தான் மெல்லச் சொன்னார்: "எனக்கு ஓட்ட வராது லுக்மான். இவ ஓட்டறதுனாலதான் எங்க வீட்டுல நாலு எடம் பாக்கறோம். உங்க பயம் நியாயம்தான். முறைப்படி கத்துக்கட்டுமே."

லுக்மான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

திட்டமிட்டதற்கு ஒருநாள் முன்னதாகவே கிளம்பினார்கள். உம்மு ஹானி ஒரு டப்பா நிறைய தம்மடை என்கிற ரவை இனிப்பைக் கட்டிக் கொடுத்தாள். தோழிகள் இருவரும் கண்ணைப் பார்த்துக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் மலைமேல் பனி லேசாகத்தான் இருந்தது. தாமரை மெதுவாக ஓட்டினாள். பாலைவனம் வந்ததும் சொன்னாள்:

"எனக்கு வேல வேணுங்க. வீட்டுல இருந்தா பைத்தியம் புடிச்சிரும்."

"என்ன வேல?"

"சொல்லிக் குடுக்கற வேல. டிரைவிங்."

சேதுமாதவன் சிரிக்கப்போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பொம்பளைங்களுக்குன்னு ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. விசாரிக்கலாம்."

விசாரித்தும் உடனே நடக்கவில்லை. அரபி தெரியாது என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். தாமரை ஒரு சிரியாக்காரியிடம் பேச்சு அரபி கற்றாள், மறுபடி போனாள். மறு ஆண்டு கோடையில் சேர்த்துக்கொண்டார்கள். அவளிடம் கற்க வந்தவர்களில் நர்சுகள், டீச்சர்கள், வீட்டுக்குத் தெரியாமல் வந்த சிலரும் உண்டு. அந்தச் சிலரை மட்டும் முதல் நாளே வீட்டில் சொல்லிவிட்டு வரும்படி திருப்பி அனுப்பினாள்.

அதன்பின் ஒரு ரம்ஜான் மாதத்தில் சலாலாவிலிருந்து போன் வந்தது.

"அவுகதான் கூட்டிக்கிட்டுப் போயி ஸ்கூல்ல சேத்துவிட்டாக அக்கா. டெஸ்டுல ரெண்டு தடவ ஃபெயிலு. அவுகளே சாயங்காலம் கார்ல கூட உக்காந்து கத்துறாக பாருங்க, எனக்குக் காலு நடுங்குது."

"கத்தட்டும் விடு. நீ ரோட்டப் பாரு" என்றாள் தாமரை. கீழே ஒரு மாணவி காத்திருந்தாள். தாமரை போனை வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குப் பொறுமையில்லாமல் படியிலேயே இறங்கினாள்.