கலியமூர்த்தி சரிபண்ணிக் கொடுத்தது

கடலூர் முதுநகரில் மின்தடைப் புகார் போனை எடுப்பது கலியமூர்த்தியின் உத்தியோகம். கரண்ட் போனவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், சாபம் விடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "சரி பண்ணிடுவாங்க." யார், எப்போது என்பது அவருக்கே தெரியாது. பொய் என்றும் சொல்ல முடியாது. என்றைக்காவது பண்ணத்தான் செய்தார்கள். வீட்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், மகளின் வரன் தட்டிப்போனாலும் அதே சொல்தான். மனுஷனுக்கு வேறு மருந்து தெரியாது.

புயல் அடித்த மறுநாள் ஜில்லாவே இருண்டு கிடந்தது. மேல்பட்டாம்பாக்கம் வீட்டில் அவர் மனைவி பட்டம்மாள் நுரையீரல் கெட்டு, ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்திருந்தாள். மெஷின் நிற்கவே கூடாது என்று சிதம்பரத்து டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இன்வெர்ட்டர் இருக்கிறதே, சார்ஜ் இறங்கினால் மகள் கூப்பிடுவாள் என்று கலியமூர்த்தி இருந்துவிட்டார். லைன்மேன் சிங்காரத்திடம் சொல்லியிருக்கலாம். ஊரே தவிக்கும்போது என் வீட்டை முதலில் பார் என்று கேட்கக் கூச்சம். நல்ல நேரத்தில் வந்த கூச்சம்!

மதியம் புகார் போனில் ஒரு பெண் குரல், "மேல்பட்டாம்பாக்கத்துல கரண்ட்டு..." என்று ஆரம்பித்தது.

"சரி பண்ணிடுவாங்கம்மா."

"அப்பா, நான் ஸ்ரீமதி. உங்க செல்லுக்கு லைனே கெடைக்கல."

"ஏம்மா காலைலயே சொல்லல?"

"அம்மாதான் வேணாம்னுச்சு. கரண்ட் ஆபீஸ்காரர் வூட்லேர்ந்தே கம்ப்ளைன்ட் பண்ணுவாங்களா, அப்பாவே ஆள் அனுப்புவாருன்னு சொல்லிச்சு. இன்வெர்ட்டர் நின்னுபோச்சுப்பா. அம்மாவுக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சு. ஆம்புலன்ஸ்காரர் ரோட்டுல மரம் கெடக்குது, வர முடியலங்கிறாரு."

ரிசீவரை வைக்காமலே செல்போனில் சிங்காரத்தைப் பிடித்தார்.

"என்ன மாமா நீ! காலைல அந்த ஊர்லதான் நின்னேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இப்ப காடாம்புலியூர் வந்துட்டேன். திரும்பி வர ரோடே இல்ல மாமா."

கலியமூர்த்திக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது? ரிசீவரில் மகள், "அம்மா காதுல வைக்கிறேன், பேசுங்கப்பா" என்று அழுதாள்.

பட்டம்மாளின் இரைப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் குரலுக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"பட்டு" என்றார். எல்லோருக்கும் சொல்லும் அந்தப் பதில் வரவில்லை. "பட்டு, பட்டு" என்று, அந்த இரைப்பு நின்ற பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.