கூப்பிட்டவுடன் வந்த விருந்தாளிகள்

என் தங்கை லெகியெம் ஜெயித்தவை இவை. புருஷன் செத்த வருஷமே கொழுந்தன்மார் கேட்டு வந்த வீட்டு மனை. கிராமத் தலைவருடைய மனைவியின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த கடற்கரை வண்டி நிறுத்தத்தில் ஒரு தேநீர்க் கடை, அதுவும் கழிப்பறையை ஒட்டாத ஓரத்தில். மகள் நிங்ருமுக்குச் சுற்றுலாத் தொழிற்பள்ளிச் சான்றிதழ். ஹர்தினி என்கிற சம்பந்தியம்மாள். பிரமந்த்யோ என்கிற அயோக்கியன். கடைசியாகத் தன் பெயர்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் லெகிச் சந்தை நாளில் பிறந்ததால் அவளுக்கு லெகியெம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அப்போது அவளுக்கு எழுதத் தெரியாது. ஜாவாவில் எங்கள் குனுங் கிடுல் சுண்ணாம்பு மலையில் அந்தக் காலத்தில் தண்ணீருக்குப் பாதி நாள் நடக்க வேண்டும். வீட்டில் ஒருவர் பள்ளிக்குப் போனால் ஒருவர் குடம் தூக்கியாக வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை போனேன். அவள் குடம் தூக்கினாள். கிராம அலுவலகத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் கட்டைவிரலை நீட்டுவாள்.

ஜோக்ஜா நகரத்துக்காரர்களுக்கு நாங்கள் வறண்ட ஊர், வெட்டுக்கிளி வறுத்துத் தின்கிற ஊர். அங்கே படிக்க வருகிற வெளிநாட்டு மாணவர்களுக்கு நாங்கள் ஒரு சனிக்கிழமை. திங்கள் முதல் வெள்ளி வரை அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வந்து இறங்குபவர்களைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். வாடகை மோட்டார் சைக்கிளில் விழுந்து தேய்ந்த முழங்கால், மூக்கில் வெள்ளைக் களிம்பு, கையில் தண்ணீர்ப் புட்டி. காலையில் குகை, மதியம் கிராமம், மாலையில் கடற்கரையில் அஸ்தமனம். கிராமம் என்றால் எங்கள் ஆடு. எங்களைப் பெற்றவர்களை யாரும் இத்தனை படம் பிடித்ததில்லை.

அவர்களை மந்தையாக ஓட்டி வருகிறவன்தான் பிரமந்த்யோ. பல்கலைக்கழகத்தில் படித்து முடிக்காமல் இந்தத் தொழிலில் இறங்கியவன். எல்லோரும் மாஸ் பிரம் என்பார்கள். படித்த வாலிபனை நாங்கள் மாஸ் என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அந்த வார்த்தை இவனிடம் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

அவன் கண்டுபிடித்த வித்தையைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வாசலில் யார் போனாலும், "உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்போம். போகிறவர், "இருக்கட்டும், இன்னொரு நாள்" என்பார். இருவருக்கும் திருப்தி. நிஜமாகவே சாப்பிட வைக்க வேண்டுமென்றால் மூன்றாவது முறையும் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுப்போம். முதல் அழைப்பிலேயே உள்ளே வருகிறவனை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பிரம் பந்துல் ஊர்க்காரன். எங்களைப் போலவே ஜாவாக்காரன். இதெல்லாம் தெரியாதவன் இல்லை. தெரிந்துதான் முதல் அழைப்பிலேயே நுழைவான், பின்னால் பஸ் நிறைய மாணவர்களோடு. பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் இப்படி நுழைந்து அவர்களுடைய வாரத்து அரிசியைக் காலி செய்தான் என்று கேள்விப்பட்டு எல்லோரும் சிரித்தோம். நம் வீட்டில் நடக்காத வரை சிரிப்புதான்.

ஹஜ் பெருநாள் வருகிற பெசார் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நிங்ருமுக்கு நிச்சயம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வொனோசாரியில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், தங்கமான பையன். அவன் அம்மா ஹர்தினி அப்படி இல்லை. முதல்முறை வந்தபோது நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். "தேநீர்க் கடை வருமானத்துல நிச்சயம் செய்ய முடியுமா, இபு? பார்க்கலாம்" என்று சொல்லிப் போனாள். இபு என்றால் அம்மா, பெரிய பெண்களை மரியாதைக்குக் கூப்பிடுவது. அந்தப் 'பார்க்கலாம்'தான் அன்றைய விருந்து. சோறு குறைந்தால் சம்பந்தம் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

தங்கை விடியும் முன்பே அடுப்பு மூட்டிவிட்டாள். தேங்காய்ப்பால் சோறு, பலாக்காய்க் குழம்பு, வேர்க்கடலை முறுவல், வறுத்த வெட்டுக்கிளி, நடுவில் கால் மடக்கிக் கட்டிய முழுக்கோழி. அந்தக் கோழியைத் துஆ ஓதும் முன் தொடக்கூடாது. பெண்ணின் அப்பா இல்லாததால் பெண் வீட்டுக்காகப் பேச வேண்டியவன் நான். பத்திக் சட்டை போட்டுக்கொண்டு முன்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தேன்.

தங்கை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். மந்தை வந்தது. வாய் சும்மா இருக்குமா?

"வாங்க மாஸ், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"ஆகட்டும் இபு! இவ்வளவு தூரம் வருந்திக் கூப்பிடறீங்க, எப்படி மறுக்கறது?" என்று செருப்பைக் கழற்றினான்.

அவள் ஒருமுறைதான் சொல்லியிருந்தாள். விளக்குமாறு கையிலேயே இருந்தது.

மாப்பிள்ளை வீட்டாருக்காக விரித்த பாயில் பஸ் முழுவதும் வந்து உட்கார்ந்தது. சிலர் காலை நேராக நீட்டி, பாதத்தைச் சாப்பாட்டுக்கு நேரே வைத்தார்கள். ஒருத்தி இறைச்சி தொட மாட்டாள், முட்டை தொட மாட்டாள். ஆனால் குழம்பில் இருந்த பலாக்காய் முழுவதையும் பொறுக்கித் தின்றாள். ஒருத்தி வெட்டுக்கிளியைப் பார்த்து அலறினாள். பிறகு அதை நாக்கில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு தட்டையே மடியில் வைத்துக்கொண்டாள். தென்னை உயரத்துக்கு இருந்த டச்சுப் பையன் ஒருவன் முழுக்கோழியின் காலைத் திருகி எடுத்தான். என் பக்கத்தில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

இத்தனைக்கும் தங்கை சிரித்த முகமாகப் பரிமாறினாள். உள்ளே வந்துவிட்டவனை எழுந்து போ என்று சொல்ல எங்கள் வாயில் வார்த்தை கிடையாது. அந்த ஒரு குறையில்தான் அவன் பிழைப்பு ஓடியது.

மஞ்சள் முடிப் பெண் ஒருத்தி மட்டும் பிரமிடம் ஏதோ கேட்டாள். அவன் கையை வீசி ஏதோ சொன்னான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. தட்டு எடுக்க வந்த நிங்ருமுக்குத் தெரியும். அவள் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொன்னதை நான் கதவருகே நின்று கேட்டேன்.

"அம்மா, இவங்களுக்கு ஏதாவது காசு குடுக்கணுமான்னு அந்தப் பொண்ணு கேக்குது. 'வேணாம், மதியச் சாப்பாட்டுக்கு உங்ககிட்ட வாங்கிட்டேன்ல, எல்லாம் அதுல அடக்கம்'னு சொல்றார்."

பானையில் சோறு தீர்ந்திருந்தது. நிங்ரும் அழ ஆரம்பித்தாள். என் மனைவி தர்மி, "சம்பந்தியம்மா சாயந்தரம் கைக்குட்டையோட வந்து நிப்பாளே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தங்கை அழவில்லை. முகம் கழுவினாள். கெபாயாச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டாள். "காங்" என்று அண்ணனான என்னைக் கூப்பிட்டாள். "நீ என் பக்கத்துல நில்லு. பேச வேணாம். உன் உயரம் போதும்" என்றாள்.

வெளியே பிரம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அஸ்தமனத்துக்கு நேரமாகிறதாம்.

தங்கை அவன் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, அரண்மனையில் பேசுகிற மாதிரி மரியாதை மொழியில் ஆரம்பித்தாள். "மன்னிக்கணும் மாஸ். ஒண்ணு சொல்ல மறந்துபோச்சு. இன்னிக்கு என் பொண்ணுக்கு நிச்சயம். தாங்கள் சாப்பிட்டது நிச்சயச் சோறு."

"அடடா! முதல்லயே சொல்லியிருக்கலாமே இபு!"

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அப்படிச் சொல்லுவாங்களா மாஸ்? தாங்கள் வருத்தப்பட வேண்டியதில்ல. எங்களுக்கு ஆளில்லாத குறை தீந்துச்சு. நிச்சயச் சோறு தின்னவங்க வீட்டாளுங்க. வீட்டாளுங்க மாப்பிள்ளை வர்றதுக்கு முன்ன எழுந்து போனா பொண்ணுக்கு ஆகாது."

"ஆகவே ஆகாது" என்றது வேலிக்கு வெளியே கூடியிருந்த ஊர்.

"இல்ல இபு, பஸ்ஸு... கடற்கரை..."

தர்மி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மாஸுக்கு பந்துல்தானே? எந்தத் தெரு? என் நாத்தனார் அங்க சந்தைக்கு எதிர்லதான் இருக்கா. உங்க அம்மாவ நல்லாத் தெரியும்னு சொல்லுவா. அவங்க புள்ள நிச்சய வீட்டுல சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போயிட்டான்னு கேள்விப்பட்டா பாவம், எவ்வளவு சங்கடப்படுவாங்க!"

தர்மிக்கு பந்துலில் யாரும் கிடையாது. நானும் மறுக்கவில்லை. பிரமின் முகம் வேகவைத்த மரவள்ளி மாதிரி ஆனது. வெளிநாட்டுக்காரனாக இருந்திருந்தால் தோளைக் குலுக்கிவிட்டு பஸ் ஏறியிருப்பான். தன் அம்மாவுக்குத் தகவல் போகும் என்றால் எந்த ஜாவாக்காரனும் பஸ் ஏற மாட்டான்.

"நான் என்ன செய்யணும் இபு?" என்றான்.

"வீட்டாளுங்க என்ன செய்வாங்களோ, அது."

அவன் பஸ்ஸில் தர்மி ஏறி வொனோசாரிக்குப் போனாள், அவன் பணப்பையோடும் அவனோடும். நல்ல கடையாகத் தேடிச் சோறும் குழம்பும் வாங்கினாள். முழுக்கோழி ஒன்றுக்கு இரண்டாக வாங்கினாள். அதற்குள் மாணவர்களைத் தங்கை வேலைக்கு விட்டாள். நிங்ரும் உத்தரவுகளை ஆங்கிலத்தில் சொன்னாள். தட்டு கழுவத் தெரியாத கைகள் தட்டு கழுவின. தேங்காய் துருவியவள் விரலைத் துருவிக்கொண்டாள். டச்சுப் பையனிடம் பாயை உதறக் கொடுத்தோம், காற்றுக்கு எதிராக நின்று உதறினான். கேவலம் என்னவென்றால் அவர்களுக்கு இது சந்தோஷமாக இருந்தது. அஸ்தமனம் போனதை ஒருவரும் கேட்கவில்லை. மஞ்சள் முடிப் பெண் மட்டும் விஷயம் புரிந்து, முகம் சிவந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பானை தேய்த்தாள். அந்த ஒருத்தியை நான் திட்டுவதில்லை.

ஹர்தினி அம்மாள் மூன்று காரில் வந்தாள். கைக்குட்டையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்கினாள். வாசலில் பிரம் தலை குனிந்து, இரண்டு கையாலும் வழி காட்டினான். உள்ளே வெள்ளைக்காரப் பிள்ளைகள் வரிசையாகத் தட்டேந்தி நின்றார்கள்.

"இவங்கல்லாம் யாரு, இபு?" குரல் இறங்கியிருந்தது.

"நம்ம வீட்டாளுங்கதான்" என்றாள் தங்கை.

கைக்குட்டை பைக்குள் போனது. எந்த நாற்காலியையும் துடைக்கவில்லை. இருந்த நாற்காலிகளில் அழுக்கானதை டச்சுப் பையனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவனோடு படம் எடுத்துக்கொண்டாள். எங்கள் சோற்றைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. விடியலிலிருந்து என் தங்கை சமைத்தது எதற்கென்று எனக்கே சந்தேகம் வந்தது. இவளை மடக்க ஒரு வெள்ளைத் தோல் போதுமென்றால் அடுப்பே மூட்டியிருக்க வேண்டாம். நான் பேச வேண்டியதைப் பேசினேன், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், துஆ ஓதினோம்.

புறப்படும்போது ஹர்தினி தங்கையின் காதருகே குனிந்தாள். "கல்யாணத்துக்கும் இவங்க வருவாங்களா?"

"கூப்பிட்டா வருவாங்க இபு. ஒரு தடவை கூப்பிட்டாலே வந்துடுவாங்க."

இரண்டு வாரம் கழித்து பிரம் தனியாக வந்தான். மாணவர்கள் ஜோக்ஜா முழுவதும் சொல்லிவிட்டார்களாம். குகையும் கடலும் வேண்டாம், பாய் உதறுகிற வீடு வேண்டும் என்று கேட்கிறார்களாம். காசு கொடுத்துத் தட்டு கழுவ ஆள் வருகிறதென்றால் வேண்டாம் என்பதற்கு என் தங்கை என்ன படித்தவளா? சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாடு, பஸ் ஜோக்ஜாவை விட்டுக் கிளம்பும் முன்பே தலைக்கு இவ்வளவு என்று கையில் பணம் என்றாள் தங்கை. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மறுநாள் தட்டச்சு செய்த ஒப்பந்தத்தோடு மை டப்பாவும் கொண்டுவந்தான். தானாகவே மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"விரலை வச்சாப் போதும் இபு."

தங்கை டப்பாவை மூடி அவன் பக்கம் தள்ளினாள். "என் நாள் சனிக்கிழமையில வரும்போது வாங்க மாஸ். பேனா கொண்டுவாங்க."

சனிக்கிழமையும் லெகியும் சேர்ந்து வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதுவரை அவன் பஸ் எங்கள் ஊரில் நிற்கவில்லை. தங்கை கடையில் கூட்டமில்லாத நேரத்தில் நிங்ரும் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, பலகாரம் மடிக்கிற காகிதத்தில் தன் பெயரை எழுதினாள். வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் கரியால் எழுதினாள். கடைசி எழுத்து மட்டும் சாய்ந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் நிமிர்ந்தது.

சொன்ன நாளில் அவன் வந்தான். பேனாவை அவள் அவனிடமிருந்து வாங்கவில்லை. நான் கொடுத்ததை வாங்கித் தன் பெயரை எழுதினாள். 2016 நவம்பர் 12, சனிக்கிழமை, லெகி.